முதல் பக்கத்து அம்மா

முதல் பக்கத்தைப் பாதி படிப்பதற்குள் அவளுக்குக் காது மடல் சூடேறிவிட்டது. தம்பி எழுதி அனுப்பியிருந்த தொழில் திட்டம் அது. கொஞ்சம் பார்த்துக்கொடு அக்கா, உனக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று ஒரு வரி வேறு சேர்த்திருந்தான்.

‘என் தாயார் தனியாக வாழ்ந்துவந்தார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. இரவு முழுவதும் ஈரத் தரையிலேயே கிடந்தார். அன்றைக்குத்தான் இந்த நிறுவனம் என் மனத்தில் பிறந்தது.’

கண்ணீர் வரவழைக்கிற எழுத்துத்தான். அவளுக்கு வந்தது கண்ணீர் இல்லை. அந்தத் தாயார் அப்போது பக்கத்து அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, பகல் தூக்கம் வரமாட்டேன் என்கிறதே என்று சலித்துக்கொண்டிருந்தாள். ஏனென்று கேட்க ஆளில்லாத அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில்தான் இவள் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

இவள் வேலை பார்த்த அலுவலகம் தொழில் தொடங்குகிறவர்களுக்குத் திட்டம் எழுதிக்கொடுக்கிற இடம். பேக்கரி வைக்கிறவர், மெக்கானிக் ஷெட்டைப் பெரிதாக்குகிறவர், செல்போனில் ஒரு செயலி செய்து உலகத்தையே புரட்டிப்போடப் போகிறவர், எல்லாரும் அங்கே வந்து உட்கார்ந்து அளந்துவிடுவார்கள். அளந்ததை வெட்டுவது இவள் வேலை. அதனால் கத்திரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதலாளியிலிருந்து வாசல் காவல்காரர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் ‘அப்புறம்?’ என்று எழுதுவது அவள் பழக்கம். வாடிக்கையாளர் ஆர்டர் கொடுப்பார். அப்புறம்? வண்டியில் அனுப்பிவைப்போம். அப்புறம்? வண்டி பஞ்சரானால்? வந்தவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஆனாலும் கத்திரி கைபட்ட திட்டத்தோடு போனவர் எவரும் முதலீட்டாளர் முன்னால் திருதிருவென்று விழித்ததில்லை.

அம்மா விழுந்ததும் அந்த வேலை போயிற்று. போயிற்று என்ன, இவளே விட்டாள். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனவளை எழுப்பவும் நடத்தவும் குளிப்பாட்டவும் கூடவே ஓர் ஆள் வேண்டியிருந்தது. தம்பி வெளியூரில் குடும்பத்தோடு இருந்தான். இவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் ஆகாதவளிடம் நேரம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் என்பது ஊர் உலகமே ஒப்புக்கொண்ட விஷயம், அதனால் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.

அன்றைக்கு நடந்தது வேறு. இரவும் இல்லை, ஈரத் தரையும் இல்லை. காலை வேளையில் குளியலறையிலிருந்து சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடியவள் இவள். உள்ளே தாழ் போட்டிருந்தது. தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தாள், அந்தத் தோள் குளிர்காலத்தில் இன்னும் வலிக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு தம்பிக்குப் போன் போட்டாள். இந்த வயதில் அறுவை சிகிச்சை தாங்குமா என்று மருத்துவர் யோசிக்கிறார், சரி சொல்வதா வேண்டாமா என்று கலந்துகொள்ள இவளுக்கு ஓர் ஆள் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் போட்டாள். எடுப்பாரில்லை.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மா, “அவன் எடுத்தானா?” என்று கேட்டாள்.

“எடுத்துட்டான்மா. கிளம்பிட்டான்,” என்றாள் இவள்.

அவன் மறுநாள் வந்தான். ஏதோ முக்கியமான கூட்டமாம், போனைச் சத்தமில்லாமல் வைத்தவன் திரும்ப மாற்ற மறந்துவிட்டானாம். வலியில் கிடக்கிறவளிடம் போட்டுக்கொடுப்பானேன் என்று கத்திரி அந்தப் பொய்யைத் திருத்தாமலே விட்டாள். அதற்குக் கிடைத்த கூலி என்னவென்றால், பார்க்க வந்தவரிடமெல்லாம் அம்மா, சேதி கேட்டதும் என் பிள்ளை அடித்துப் பிடித்து ஓடிவந்தான் என்று பெருமை பேசினாள். தாழ்ப்பாளைப் பெயர்த்தவள் அவர்களுக்குத் தேநீர் போட்டுக்கொடுத்தாள்.

முதல் பக்கத்தைப் படித்த கையோடு அவனுக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை உடனே எடுத்தான். அவனுக்குக் காரியம் ஆக வேண்டியிருந்ததே.

“ஏனென்று கேக்க ஆளில்லைன்னு எழுதியிருக்கியே, நான் என்ன பேயா?”

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு விளக்கினான். முதலீட்டாளரிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு பயிற்சிக்குப் போகிறானாம். முதல் பக்கத்தில் கண்ணீர், அடுத்த பக்கத்தில் சந்தை, அதற்கடுத்த பக்கத்தில் நீங்கள் என்பது அந்தப் பயிற்சிக்காரர் சொல்லிக்கொடுத்த வரிசையாம். இவன் விற்கப்போவது கையில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. கட்டியிருப்பவர் விழுந்தாலோ, அதிலுள்ள பொத்தானை அமுக்கினாலோ, பிள்ளைகள் எந்த மூலையில் இருந்தாலும் அவர்கள் போன் அடிக்கும்.

“உன்னை எழுதினா பிரச்சினையே இல்லாமப் போயிடுதுக்கா. கூடவே பொண்ணு இருக்கிற வீட்டுல இந்தப் பட்டையை யாரு வாங்குவா? பிரச்சினை இல்லாம எப்படிப் பணம் கேக்கறது?”

நன்றாகத்தான் இருக்கிறது நியாயம் என்று போனை வைத்திருக்க வேண்டும். வைக்காததற்குக் காரணம், அவன் அடுத்துச் சொன்னது. முதலீடு வந்ததும் அம்மாவை அவன் ஊருக்கு அழைத்துப் போய்விடுவானாம், பகலுக்கு ஒரு நர்ஸ் வைத்துக்கொள்வானாம், இவள் மறுபடி வேலைக்குப் போகலாமாம். இவளுடைய முதலாளியோ, நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, மாதக் கடைசிக்குள் வந்தால் உனக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்கு என்று கறாராகச் சொல்லியிருந்தார். கத்திரிக்கு அந்த நாற்காலி வேண்டும். அதில் உட்கார்ந்து, அளந்துவிடுகிற எவனையாவது அப்புறம் அப்புறம் என்று குடைய வேண்டும் என்று கை அரித்தது. அம்மா தூங்கும் நேரத்தில் சிலசமயம் பால்காரர் விளம்பரத்தைக்கூட வெட்டித் திருத்திப் பார்ப்பாள்.

ஆகவே ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை, முதல் பக்கத்தை அவனே மாற்ற வேண்டும். உண்மையை அவன் கையாலேயே எழுத வேண்டும் என்பது அவள் பிடிவாதம். கட்டாயம் மாற்றுகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். மற்ற பக்கங்களை அவள் ஒன்றுவிடாமல் பிரித்து மேய்ந்தாள். சந்தைக் கணக்கில் காற்றடித்து வைத்திருந்ததை இறக்கினாள், செலவில் மறைத்து வைத்திருந்ததை வெளியே இழுத்தாள். ஓரிடத்தில் மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ‘பொத்தானை அமுக்கியதும் மகனின் போன் அடிக்கும்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘அப்புறம்?’ என்று எழுதி அனுப்பினாள். அதெல்லாம் பார்த்துக்கலாம்க்கா என்று பதில் வந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு தலைகால் புரியாத சந்தோஷத்தில் கூப்பிட்டான். பெரிய முதலீட்டாளர், ஓர் அம்மணி, திட்டத்தைப் படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டாராம். முதல் பக்கத்து அம்மாவை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாராம். வியாழக்கிழமை வீட்டுக்கே வருகிறாராம்.

“எந்த முதல் பக்கம்?” என்றாள் கத்திரி.

அவன் முதலீட்டாளர் வரும் நேரத்தைச் சொல்லிப் பேச்சை மாற்றினான். மாற்றவில்லை, ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. அவளுக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த போனைச் சுவரில் அடித்திருப்பாள், வேறு போன் வாங்க வேண்டுமே என்றுதான் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை அவன் வந்து இறங்கியதும் வீட்டைத் தனியாக வாழும் ஒரு கிழவியின் வீடாக மாற்றத் தொடங்கினான். இவள் கண்ணாடியையும் சிவப்புப் பேனாவையும் மேசையிலிருந்து எடுத்து இழுப்பறைக்குள் தள்ளினான். கொடியில் காய்ந்த துணிகளைச் சுருட்டினான். வாசலில் கிடந்த செருப்பை இரண்டு விரலால் தூக்கி அலமாரிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டு, அரை நாள் எங்கேயாவது போய்விட்டு வாயேன் அக்கா, சினிமாவுக்குப் போயேன், டிக்கெட் நான் எடுக்கிறேன் என்றான்.

போக மாட்டேன் என்றாள். அம்மாவுக்கு நடுவில் மாத்திரை உண்டு, எழுந்திருக்க வேண்டி வந்தால் தூக்கிவிட வேண்டும், நீயா செய்வாய் என்று கேட்டாள். அவன் கையைப் பிசைந்தான். அப்படியானால் பகலில் மட்டும் வந்து போகிற வேலைக்காரம்மா என்று சொல்லிக்கொள்ளலாமா என்று மெல்ல இழுத்தான். வாய் நிறைய வசை வைத்திருந்தாள் கத்திரி. அது வெளியே வருவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“சமையக்கட்டுல இருந்துக்கோயேன். கொஞ்ச நேரம்தானே. அவன் பொழைப்பு இதுலதான் இருக்குங்கறான். நான் சமாளிச்சுக்கறேன்.”

அம்மாவிடம் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. தம்பி எழுதியதைப் பொறுத்துக்கொண்டவளால் இதைப் பொறுக்க முடியவில்லை. சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள்.

வந்தவர் கெட்டவராக இருந்திருந்தால்கூடத் தேவலை. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த அந்தப் பெண்மணி நேராகப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். தன் தாயும் இப்படித்தான், கடைசிக் காலத்தில் தான் பக்கத்தில் இல்லை என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அம்மா வெளுத்து வாங்கினாள். ஆமாம்மா, தனியாகத்தான் கிடந்தேன், சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன், பிள்ளைதான் தெய்வமாக வந்தான். கதவிடுக்கு வழியே அதையெல்லாம் கேட்டுக்கொண்டு கத்திரி தேநீர் கொதிக்கவிட்டாள். எடுத்துப்போக வந்த தம்பிக்குக் கோப்பை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவளும் காட்டவில்லை. அவன் நாலு கதவைத் திறந்து மூடிவிட்டுத் தானே கண்டுபிடித்தான்.

பேச்செல்லாம் முடிந்து, அந்தப் பட்டை எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை காட்டுங்கள் என்றார் அந்தப் பெண்மணி. அம்மா மணிக்கட்டில் பட்டை தயாராக இருந்தது. தம்பி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். அமுக்குங்கம்மா என்றான். வந்தவர் முன்னால் அம்மாவுக்கு ‘ங்க’ போட்டதைக் கேட்டுச் சமையலறையில் இருந்தவளுக்கே சிரிப்பு வந்தது.

அம்மா அமுக்கினாள். பட்டை ‘பீப்’ என்றது. மூவரும் காத்திருந்தார்கள். ஒன்றும் அடிக்கவில்லை.

சிக்னல் கொஞ்சம் தாமதமாகும் என்றான். அம்மா மறுபடி அமுக்கினாள். மறுபடி ‘பீப்’, மறுபடி மௌனம். அவன் சட்டைப்பையைத் தடவினான், கால்சட்டைப்பையைத் தடவினான், அசடு வழிந்தான். கத்திரிக்கு உடனே புரிந்துவிட்டது. முதலீட்டாளர் முன்னால் போகும்போது போனைச் சத்தமில்லாமல் செய்து பைக்குள் வைத்துவிட வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் முதல் பாடம் என்று அவனே பெருமையாகச் சொல்லியிருந்தான். போன் மட்டுமே மூலதனம் என்கிறவன் அந்தப் பாடத்தை இங்கேயும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தான்.

“சரி, பையில எங்கேயோ இருக்கு. பரவால்ல,” என்றார் பெண்மணி, தன்மையாகத்தான். “ஆனா ஒரு சந்தேகம். நிஜமாவே விழுந்து, மகன் இப்படிப் போனை எடுக்கலைன்னு வைங்க. அப்புறம்?”

தம்பி மறுபடி சட்டைப்பையைத் தடவினான். அம்மாதான் சொன்னாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

“எடுக்கலைன்னா என்ன, அவ வருவா. அன்னைக்கும் இவன் எடுக்கலையே.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சமையலறைக் கதவைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், மடியிலிருந்த கையைப் பார்த்தாள்.

கத்திரி கரண்டியைக் கீழே வைத்தாள். அன்னைக்கும் இவன் எடுக்கலையே. அப்படியானால் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்தேதான், அடித்துப் பிடித்து ஓடிவந்த கதையை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். தெரிந்தேதான் இன்றைக்கும் இவளை அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறாள். தம்பியின் மேல் இருந்த கோபமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு நட்டநடுவில் உட்கார்ந்தாள்.

“நான் இவங்க பொண்ணு. முதல் பக்கத்துல இல்லாத ஆளு. இந்த வீட்டுலதான் இருக்கேன், அவங்க விழுந்தப்பவும் இங்கதான் இருந்தேன். மத்த பக்கமெல்லாம் நான் திருத்தினது, அதுல பொய் கிடையாது. நீங்க கேட்ட கேள்வியை நானும் கேட்டேன். இவன் பதிலே சொல்லலை.”

அந்தப் பெண்மணி திட்டத்தை மூடித் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார், கோப்பையைத் தொட்டிருக்கவே இல்லை. “அந்த முதல் பக்கத்தை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்,” என்று தம்பியிடம் சொன்னார். அம்மாவின் தோளைத் தட்டிவிட்டு, கத்திரிக்கு ஒரு தலையசைப்புக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கார் கிளம்புகிற சத்தம் கேட்கும்வரைதான் தம்பி பொறுத்தான். பிறகு ஆடித் தீர்த்துவிட்டான். திருப்தியா, குளிர்ந்ததா மனசு, வெளியே வராமல் இருந்திருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், என் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாய் என்று கத்தினான். போட்டு உடைத்தவள் அம்மா. ஆனால் அம்மாவைத் திட்ட முடியாது, அக்காவைத் திட்டலாம், அக்கா இருப்பதே அதற்குத்தான். கத்திரி அவனைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவையே பார்த்தாள்.

“உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?”

“அப்பவே தெரியும்,” என்றாள் அம்மா. “நீ பொய் சொன்னா மூக்கு சுருங்கும். சின்னதிலேருந்தே அப்படித்தான்.” பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு, “நாலு பேர் முன்னாடி அவனை விட்டுக்குடுக்க மனசு வரலைடி,” என்றாள்.

“என்னை விட்டுக்குடுக்க மட்டும் வந்துதா?”

தம்பிகூடக் கத்துவதை நிறுத்திவிட்டான். அழுதால் அத்தனையும் வீணாகிவிடும் என்று கத்திரி அழுகையை விழுங்கிக்கொண்டாள். அம்மா அசைந்து உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் இவள் பக்கமாகவே கையை நீட்டி, பாத்ரூம் போகணும், எழுப்பி விடு என்றாள்.

கத்திரி எழுந்தாள், அம்மாவைத் தாண்டிப் போனாள், அலமாரியைத் திறந்து தன் செருப்பை வெளியே எடுத்தாள். எங்கே போகிறாய் என்றான் தம்பி.

“ஆபீசுக்கு. திங்கக்கிழமையிலேருந்து வரேன்னு சொல்லிட்டு வரப் போறேன். அவங்களை நீ தூக்கு.”

“எனக்குத் தெரியாதுக்கா. எந்தப் பக்கம் புடிக்கணும், என்ன...”

“எனக்கும்தான் தெரியாம இருந்துது,” என்றாள்.

முதலீடு வராவிட்டால் நான் எப்படி இங்கே இருக்க முடியும், எனக்குக் குடும்பம் இருக்கிறது என்று அவன் படி வரைக்கும் பின்னாலேயே வந்தான். பணம் வந்தால்தான் அம்மாவைப் பார்த்துக்கொள்வாய் என்றால் அதையும் முதல் பக்கத்தில் எழுதியிருக்கலாமே என்று கேட்டுவிட்டு இறங்கினாள். உள்ளேயிருந்து அம்மா அவனைக் கூப்பிடுவது கேட்டது, அவன் திரும்பி ஓடும் காலடியும் கேட்டது.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கையிலிருந்த போன் அடித்தது. தம்பி. எடுக்கப் போன விரலை நிறுத்திக்கொண்டாள். அம்மாவுக்கு நினைவு நன்றாக இருக்கிறது, வாயும் நன்றாக இருக்கிறது. எந்தப் பக்கம் வலிக்கும், எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று அவளே சொல்வாள், அவன் கேட்க வேண்டியதுதான். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்து, உங்க போன்தாங்க என்றார்.

தெரியும் என்றாள். பஸ் வந்து நின்றது. போனைச் சத்தமில்லாமல் செய்து பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினாள்.